ஓஸ்வால்டின் ரத்தத்தில் தோய்ந்த தயிர்

ஊருக்கு ஒரு டாக்டர் இருக்கிறாரோ இல்லையோ, தெருவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு நிபுணர் நிச்சயம் இருப்பார். படிப்பு, பட்டம், கழுத்தில் குழாய் எதுவும் இந்த இனத்துக்குத் தேவையில்லை. மூக்குக் கண்ணாடி போதும்.

நீங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு தெருமுனை திரும்பும்போதே அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். வாங்குவார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், மறுபடி இறக்குவார், "ம்ம்" என்பார், உங்கள் முகத்தைப் பார்த்து இன்னொரு "ம்ம்" போடுவார். அதற்குள் உங்களுக்குப் பாதி உயிர் போயிருக்கும். மீதியை எடுக்க ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்: "நான் ஒண்ணும் சொல்லப்போறதில்லை. ஆனா..."

எங்கள் ஜீவனஹள்ளியில் அந்தப் பதவி, மைசூர் சர்க்காரில் பென்ஷன் வாங்கும் சேஷகிரிக்கு. பக்கத்து வீட்டு ஓஸ்வால்டுக்கு ரயில் எஞ்சினில் கரி அள்ளிப்போடும் வேலை கிடைக்கவிருந்தது. உடம்பு சரி என்று டாக்டர் எழுதவேண்டியதுதான் பாக்கி. நேரமாகிவிட்டதே என்று சைக்கிளை விழுந்தடித்து மிதித்துப் போய் ரத்தம் கொடுத்தான். 'லாக்டிக் ஆசிட் அதிகம், நாளை மீண்டும் வரவும்' என்று சீட்டு வந்தது.

சேஷகிரி அகராதியைப் புரட்டினார். புளித்த பாலில் இருக்கும் அமிலம் என்று போட்டிருந்தது. போதாதா?

"அடப்பாவி, ஒன் ரத்தம் தயிராத் தோயறதுடா!"

"ஐயோ, வேலை போயிடுமே! என்னா சார் பண்றது?"

"மோரை நிறுத்து. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியே போ. வேர்வையில புளிப்பெல்லாம் எறங்கிடும்."

ஓடினான். சீட்டில் அமிலத்தின் எண் இரட்டிப்பாயிற்று.

"நான் சொன்னேனோல்லியோ? நாளைக்கு இன்னும் வேகமா ஓடு!" என்ற சேஷகிரி, தம் வீட்டுத் தயிருக்கும் தடை போட்டார். மனைவி பாகீரதி மட்டும், "உங்களுக்கு வேண்டாம்னா விடுங்கோ" என்று அவர் பங்கையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள், நாக்குத் தள்ள ஓடிவந்த ஓஸ்வால்டை டாக்டரே வாசலில் பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா இப்படி ஓடி வர்றே?"

"ரத்தத்துல தயிர் எறங்கறதுக்கு சார்."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கைகால் கடுமையாக உழைத்தால் அந்த அமிலம் யார் ரத்தத்திலும் ஏறுமாம். சும்மா உட்கார்ந்தால் தானே இறங்குமாம். ஒரு மணி நேரம் பெஞ்சில் அசையாமல் உட்காரவைத்து ரத்தம் எடுத்தார். எண் ஒழுங்காக வந்தது. வேலையும் கிடைத்தது. எனக்கே அன்றுதான் வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது.

சேஷகிரி என்ன சொன்னார் தெரியுமா? "மோரை நிறுத்தினது வேலை செஞ்சுடுத்து, பாத்தேளா?"

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்த மூன்று சீட்டிலும் என்ன எண் இருந்தது என்று நான் எழுதவே இல்லை. 'எவ்வளவாம்?' என்று நடுவில் ஒருமுறையாவது உங்கள் மனம் அரித்ததா? அப்படியானால் சேஷகிரிக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது, கண்ணாடியோடு வாருங்கள்.