மூன்றாகப் பிரித்த பாடி

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டதால் உங்கள் நலத்தை மட்டும் விசாரித்துக்கொள்கிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

விஷயம் உங்கள் மருமகளைப் பற்றியது. பயப்படாதீர்கள், உங்கள் பங்கையும் சேர்த்து நாங்களே பயந்து முடித்துவிட்டோம். திங்கட்கிழமை பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளறையில் மகள் தோழியோடு போனில் பேசுகிறாள்: "பாடி ரெடிடி. ஆனா உயிரே இல்ல. பாத்தாலே தெரியுது." காலமெல்லாம் லாரிக்குப் பாடி கட்டுகிறவன் நான். பாடி என்றால் எனக்குப் பலகையும் தகடும்தான். பிள்ளைக்கு அப்பன் தொழில் மேல் ஆசை வந்துவிட்டது என்று பூரித்துப் போனேன். மறுநாள், "ஒரே பாடியா வச்சா மாட்டிக்குவோம். மூணா பிரிச்சிடு" என்றாள். எந்த ஊரில் லாரியை மூன்றாகப் பிரிக்கிறார்கள்? அதற்குள் உங்கள் தங்கையும் கரண்டியோடு வந்து கதவில் காது வைத்தாள். "தலை..." என்று ஏதோ காதில் விழுந்தது, பிறகு தெளிவாக, "அத கடைசியில பாத்துக்கலாம்."

அன்றே உங்கள் தங்கை கத்தியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். காயைக் கையால் பிய்த்துத்தான் சமையல். மகளோ எதுவும் நடக்காதது போல் சாப்பிடுகிறாள், நடுவில் என்னை மேலும் கீழும் பார்க்கிறாள். பலகை அறுக்கும் முன் நான் பார்க்கிற அதே பார்வை. அவள் பள்ளிக்குப் போனதும் கட்டிலுக்கடியில் தேடினேன். ஒரு பழைய செருப்பு இருந்தது. ஒற்றைச் செருப்பு. அதற்கே எனக்கு வியர்த்துவிட்டது.

நேற்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, அந்த பாடி... யாரோடது?"

கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தாள். "அப்பா! அது இங்கிலீஷ் கட்டுரைப்பா. மொதல்ல இன்ட்ரோ, நடுவுல பாடி, கடைசில கன்க்ளூஷன். பாடிய மூணு பத்தியா பிரிக்கணும்னு மிஸ் சொல்லிக்குடுத்தாங்க. தலைப்பு கடைசியில வச்சுக்கலாம்."

போன உயிர் திரும்பி வந்தது, மச்சான். கத்தியும் பீரோவிலிருந்து வந்தது.

இப்போது ஒரே குறை, கன்க்ளூஷன் அமையவில்லையாம். "அதுக்குப் பெரிய மாமாவே வேணும்ப்பா. தனியா வரச் சொல்லுங்க, அத்தை வேணாம்" என்கிறாள். போன விடுமுறையில் அவள் எழுதியதை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்களே, அதையெல்லாம் பிள்ளை மனதில் வைத்துக்கொள்ளவில்லை பாருங்கள். மறந்துவிட்டதாக அவளே அடிக்கடி சொல்கிறாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரவும்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு ஆசியையும் நீங்களே ஆள் பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையையும் லாரிப் பாடியையும் கட்டிக் காலம் தள்ளும்
மைத்துனன்

பி.கு.: தபால்பெட்டிக்குப் போகும் வழியில் இங்கிலீஷ் மிஸ்ஸைப் பார்த்தேன். கட்டுரை நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கும்பிட்டேன். "கட்டுரையா? அத இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களே. இப்போ லெட்டர்தான் நடத்துறேன்" என்றார். வீட்டுக்கு ஓடிவந்து உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கத்தியைக் காணோம். உங்கள் தங்கை, தான் எடுக்கவில்லை என்கிறாள். மகள், கடிதத்தைத் தானே போட்டுவிடுவதாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். மச்சான், முழங்கால் வலியோடு உங்களுக்கு எதற்கு இந்த அலைச்சல்? வர வேண்டாம்.

(இதன் கீழே, சிவப்பு மையில், வேறு கையெழுத்தில்)

இன்ட்ரோ நல்லா இருக்குப்பா. பாடி கொஞ்சம் நீளம். கன்க்ளூஷன் தப்பு. மாமா, நீங்க வாங்க.