இனாகுரேட்டும் ஒரு கோழியும்

ஒரு சொல்லின் பூர்வீகத்தைப் புதிதாகத் தெரிந்துகொண்டவனிடம் மைக்கைக் கொடுக்கக்கூடாது. கொடுத்தவள் என் அக்கா.

முள்ளியவளையில் அவள் தையல் கடை திறந்த நாள். இடம்பெயர்ந்த ஊரெல்லாம் காவித் திரிந்த மெஷினுக்கு அன்றுதான் சொந்தமாக ஒரு கூரை. சுபநேரத்துக்குள் திறந்தால் முதல் ஓடர் தன் மகளின் கலியாணச் சாறிச் சட்டைகள்தான் என்று சொல்லி, பரமேஸ் அன்ரி பட்டுத் துணியோடு வந்து நின்றா.

ரிபனை வெட்டு என்று அக்காவிடம் சொல்லிவிட்டு நான் ஒதுங்கியிருக்கலாம். ஆங்கில ரியூஷன் வாத்தியார் அல்லவா? தொண்டையைச் செருமினேன்.

"திறந்துவைப்பதை ஆங்கிலத்தில் இனாகுரேட் என்பார்கள். லத்தீனில் அது பறவைச் சகுனம் பார்ப்பது! உரோமாபுரியில் ஔகுர் என்ற பூசாரி வானத்தைப் பார்த்து நிற்பார். பறவை பறக்கிற விதத்தில் தெய்வத்தின் சம்மதம் தெரிந்தால்தான் காரியம் தொடங்கும். இல்லாவிட்டால் தள்ளிவைப்பார்கள்!"

கைதட்டலுக்காக நிறுத்தினேன். சனம் அண்ணாந்து வானத்தைப் பார்த்தது.

"டேய், உன்ர லத்தீனைக் கொண்டுபோய்க் குளத்தில போடு. நேரம் போகுது," என்றாள் அக்கா, பல்லைக் கடித்தபடி.

"அன்ரி, அது உரோமாபுரிக் கதை. எங்களுக்கு வேண்டாம்," என்றேன், வானத்தையே பார்த்து நின்ற பரமேஸ் அன்ரியிடம்.

"சொல்லாமல் விட்டிருக்கலாம் தம்பி. சகுனம் எண்டு வாயால வந்தாப் பிறகு பாக்காமல் உள்ளுக்குப் போகேலாது. கலியாண விசயமெல்லே."

மற்ற நாட்களில் கடை வாசல் வேம்பில் காகங்களுக்கு இடம் போதாது. அன்று ஒரு சிறகுகூட இல்லை. (பறவையினம் முழுவதும் என்மேல் கோபமாக இருந்திருக்க வேண்டும்.) சுபநேரம் முடியப்போகிறது. கத்தரிக்கோலும் கையுமாக நின்ற அக்கா வானத்தையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு என் படிப்பின் மேலேயே வெறுப்பு வந்தது.

அந்த நேரம் பக்கத்து வளவுக் கோழி ஒன்று ரிபனுக்குக் கீழால் நிதானமாகக் கடைக்குள் நடந்தது.

"பறவை வந்திட்டுது!" என்று கத்தினாள் அக்கா.

"கோழி நடந்தெல்லோ வந்தது?" என்றா அன்ரி.

அக்கா கத்தரிக்கோலால் கதவில் ஓங்கித் தட்டினாள். வெருண்ட கோழி பறந்தது. என் தலைக்கு மேலாக, என் வெள்ளைச் சேட்டில் தன் சம்மதத்தை இட்டுவிட்டு.

"பறந்திட்டுது!" அன்ரி பட்டுத் துணியை நீட்டினா. ரிபன் விழுந்தது.

இன்று கடைப் பலகையில் ஒரு கோழிப் படம் இருக்கிறது. கோழி இறைச்சி கேட்டு வருகிறவர்களிடம் அக்கா என்னைக் காட்டுவாள்: "விளக்கம் அவரிட்டக் கேளுங்கோ. ஆனா மைக் மட்டும் குடுத்திடாதேங்கோ."