தாய்ப் புகார்

சலூன்காரர் நோட்டீஸை மூன்றாவது முறையாகப் படித்தார். ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் குற்றம் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது.

'தங்கள் மனைக்குள் புல், புதர் முதலியன ஓர் அடிக்கு மேல் வளர்ந்துள்ளதாகப் புகார் வந்துள்ளது. நகராட்சி விதிகளின்படி இது தண்டனைக்குரிய குற்றமாகும். உடனே அகற்றத் தவறினால் வழக்குத் தொடரப்படும்.'

"குற்றமாம்மா. நான் யார் வீட்டுலயாவது ஓட்டைப் பிரிச்சு இறங்கினேனா? புல்லு வளர்ந்துருக்கு. அதுவா வளர்ந்துச்சு. நானா வளர்த்தேன்?"

கடைத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஊர்ல இருக்கறவன் தலையெல்லாம் வெட்டறீங்க. சொந்த வாசல்ல இருக்கற புல்லை வெட்ட நேரமில்லை. நான் சொன்னா நாளைக்கு, நாளைக்கு. இப்ப நகராட்சி சொல்லுது. அவங்ககிட்டயும் நாளைக்குன்னு சொல்லிப் பாருங்க."

சொல்லிப் பார்த்திருப்பார். ஆனால் நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. நகராட்சி வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானவர்களுக்குக் கடை உரிமம் புதுப்பிக்கப்படாது. அவருடைய சலூனின் உரிமம் அடுத்த மாதம் முடிகிறது. அந்த இரண்டு நாற்காலிகளும் ஒரு கண்ணாடியும்தான் குடும்பத்துக்குச் சோறு போடுகின்றன.

பயத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. யார் அந்தப் புண்ணியவான்? ஒருத்தன் வீட்டுப் புல்லை அளந்து பார்த்துப் புகார் செய்கிறவன் எப்பேர்ப்பட்ட வேலையற்றவனாக இருக்க வேண்டும்?

இதை அவர் கேட்டதுதான் வேடிக்கை. நகராட்சிக்குப் போன் செய்வது அவருக்குப் பல் தேய்க்கிற மாதிரி. தெருவிளக்கு எரியவில்லை என்பார். சாக்கடை மூடி ஆடுகிறது, கொசு கடிக்கிறது, நாய் குரைக்கிறது, தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கிறது என்பார். பெயரை மட்டும் சொல்லமாட்டார். "பேரு எதுக்கும்மா, பொதுஜனம்னு போட்டுக்கோங்க," என்று வைத்துவிடுவார். காலையில் சொன்னது சாயங்காலம் அவருக்கே நினைவிருக்காது.

"பக்கத்து வீட்டு பேங்க்காரர்தான். போன வாரம் நம்ம வாசலைப் பார்த்துத் தலையைத் தலையை ஆட்டினாரு," என்றார்.

"அவருக்குக் கழுத்துச் சுளுக்கு," என்றாள் மனைவி.

மறுநாள் காலை பேங்க்காரரே சலூனுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பரம சாது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். சலூன்காரர் துணியைக் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கிக் கட்டினார். வலது பக்கம் முழுக்க வெட்டி முடித்து, கத்தியைத் தீட்டிக் காதோரம் வைத்த சமயத்தில் போன் அடித்தது. மனைவியின் தம்பி. எந்தத் தொழிலும் தெரியாதவன், ஆனால் எல்லாத் தொழிலுக்கும் யோசனை சொல்லுவான்.

சலூன்காரர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"சொல்லு மாப்ளே. ஆமா, வெட்டித்தான் ஆகணும். வேற வழியில்லை. ஞாயித்துக்கிழமையே முடிச்சிடுவோம்... கையால முடியாதுப்பா, மெஷின் கொண்டா... வெட்டினதை மூட்டையாக் கட்டிப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுடுவோம். யார் கேக்கப் போறா?"

போனை வைத்துவிட்டுக் குனிந்தால் நாற்காலி காலி. பேங்க்காரர் கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். இடது பக்கத்து முடி அப்படியே இருந்தது.

"பாருங்க, குற்றமுள்ள நெஞ்சு. என் முகத்தைப் பார்க்க முடியலை," என்றார் சலூன்காரர், அடுத்த நாற்காலியில் காத்திருந்தவரிடம்.

அவரும் எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் எங்கிருந்தோ ஒரு புல் வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தான். கயிற்றை இழுத்ததும் அது போட்ட சத்தத்தில் தெருவில் நாலு ஜன்னல் திறந்தது. பேசினால் கேட்காது என்று இருவரும் ஜாடையிலேயே வேலையை முடித்தார்கள். சலூன்காரருக்குத் தொழில் கௌரவம் விடவில்லை. மெஷின் விட்ட ஓரங்களைக் கத்தரியால் நறுக்கினார். சீப்பை வைத்துக்கூடப் பார்த்தார். வெட்டிய புல்லை மூட்டை கட்டி, பின்சுவருக்கு அப்பால் வீசினார்கள். அங்கே ஆள் உயரத்துக்குப் புதர் மண்டிக் கிடந்தது.

"யார் இடம் மாமா இது?" என்றான் மச்சான்.

"எவனோ ஒரு சோம்பேறியோடது. கொசுவெல்லாம் அங்கேருந்துதான் வருது. இதையும் வெச்சுக்கட்டும்."

மனைவி சமையலறை ஜன்னல் வழியாக ஏதோ சொன்னாள். மெஷின் சத்தத்தில் காது இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்ததால் அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டு நாளில் நகராட்சி ஆய்வாளர் நேரில் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் அளவு நாடா. மொட்டை அடித்த வாசலை ஒரு பார்வை பார்த்தார். "நல்லா இருக்கே," என்றார். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கிருந்தே திரும்பிப் போய்விட்டார்.

"முடிஞ்சுது. நல்லா இருக்குன்னு அவர் வாயாலேயே சொல்லிட்டாரு," என்று சலூன்காரர் நிம்மதியாகத் தூங்கினார்.

வார முடிவில் இரண்டாவது நோட்டீஸ் வந்தது. ஞாயிறு காலையில் அமைதிக்குப் பங்கம் விளைவித்தது ஒரு குற்றம். திறந்த வெளியில் குப்பை கொட்டியது இன்னொரு குற்றம். கடைசியாக, 'புல் இன்னும் அகற்றப்படவில்லை.'

"இன்னும் அகற்றலையா?" சலூன்காரர் வாசலில் குப்புறப் படுத்துத் தரையோடு கண்ணை வைத்துப் பார்த்தார். "இதுக்கு மேல ஷேவிங்தான் பண்ணணும்."

"வேர் இருக்கே மாமா. சட்டத்துல வேரையும் சேர்த்துத்தான் எழுதியிருப்பாங்க," என்றான் மச்சான். "ஒரு ஆடு கட்டுங்க. சத்தமும் இல்லை, மூட்டையும் இல்லை. வேர் வரைக்கும் மேஞ்சுடும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட இருக்கு."

மனைவி மடித்த துண்டைத் திரும்பப் பிரித்து உதறினாள். "ஏண்டா, உன் யோசனை ஒண்ணே ஒண்ணு நல்லபடியா முடிஞ்சிருக்கா?"

"அக்கா, யோசனை நல்ல யோசனைதான். செய்யறவங்கதான் சரியில்லை."

ஆடு வந்தது. மொட்டை வாசலை மோந்து பார்த்தது. அதற்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். இரவு முழுக்கக் கத்தியது, விடியற்காலையில் கயிற்றை அறுத்தது, வேலி தாண்டிப் பேங்க்காரரின் ரோஜாச் செடிகளை வேர் வரைக்கும் மேய்ந்தது. அந்த ஒரு விஷயத்தில் மச்சான் சொன்னது சரிதான்.

மூன்றாவது முறை நோட்டீஸ் வரவில்லை. சம்மன் வந்தது. நகர எல்லைக்குள் அனுமதியின்றிக் கால்நடை வளர்த்தது என்று ஒரு குற்றம் கூடியிருந்தது.

கத்தரி பிடித்த நாள் முதல் சலூன்காரருக்குக் கை தவறியதில்லை. அன்றைக்கு ஒருவருக்கு மீசை ஒதுக்கும்போது தவறியது. மீசை போய்விட்டது. கடையைச் சாத்திவிட்டு நேரே நகராட்சிக்குப் போனார்.

"ஐயா, நான் நாலு பேர் மதிக்க வாழ்ந்தவன். இந்த உரிமம் போச்சுன்னா நான் எங்கே போவேன்? எச்சரிக்கையோட விட்டுடக் கூடாதா?"

ஆய்வாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "வழக்கமா விட்டுடுவோம். ஆனா புகார் குடுத்தவர் ரொம்பப் பிடிவாதம். வழக்குப் போட்டே ஆகணும்னு போன்ல சொல்லியிருக்கார். அப்படிச் சொல்லிட்டா எங்க கை கட்டுப்பட்டுடும்."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. அந்தப் புல்லுப் புகார்தான் தாய்ப் புகார். சத்தம், குப்பை, ஆடு எல்லாம் அது போட்ட குட்டி. தாய்ப் புகாரைக் குடுத்தவரே வாபஸ் வாங்கிட்டா, குட்டியெல்லாம் தானா விழுந்துடும்."

"அவர் யாரு?"

"பேர் சொல்லலை. போன் எடுத்த அம்மாவுக்குக் குரல் தெரியும். கோர்ட்டுக்கு அவங்களையும் வரச் சொல்லியிருக்கு."

சலூன்காரர் அப்படியே பேங்க்காரர் வீட்டுக்குப் போனார். கோபமெல்லாம் வடிந்திருந்தது. கதவு சங்கிலி போட்டபடி ஒரு சாண் திறந்தது. உள்ளே தொப்பி போட்ட தலை தெரிந்தது. வலது பக்கம் தொப்பி தளர்ந்தும் இடது பக்கம் உப்பியும் இருந்தது.

"சார், நீங்கதான் மனசு வைக்கணும். பிள்ளைகுட்டிக்காரன். அந்தப் புகாரை வாபஸ் வாங்கிக்கோங்க. ஆயுசு முழுக்க உங்களுக்கு இலவசமா முடி வெட்டறேன்."

"வேண்டாம்," என்றார் பேங்க்காரர் அவசரமாக. பிறகு மெதுவாகச் சொன்னார்: "சத்தத்துக்குப் புகார் குடுத்தது நான். ஆட்டுக்குக் குடுத்ததும் நான். ஒத்துக்கறேன். ஆனா புல்லைப் பத்தி நான் எதுவும் சொல்லலை. எனக்கு உங்க வாசல்ல இருந்த புல்லு பிடிக்கும். பார்த்தா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்."

அவர் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று சாப்பிடவில்லை. மனைவி முதல்முறையாக அவரைத் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடை போனா என்ன, கையில தொழில் இருக்குல்ல," என்றாள்.

"நாலு கேஸ் இருக்கறவன் கையில கத்தியைக் குடுத்துத் தலையைக் குனிய எவன் வருவான்?" என்றார் அவர்.

நீதிமன்றம் சின்ன அறை. மின்விசிறிக்கு நேர் கீழே நீதிபதி உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் ஆய்வாளர், அவருக்குப் பக்கத்தில் நகராட்சிப் புகார்ப் பிரிவில் போன் எடுக்கும் அம்மா. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் இருந்தார். பின்னால் மனைவி, மச்சான், தொப்பியோடு பேங்க்காரர்.

"புல் இன்னும் இருக்கா?" என்று கேட்டார் நீதிபதி.

"இருக்கு ஐயா. ஆள் உயரத்துக்கு," என்றார் ஆய்வாளர்.

சலூன்காரர் வாயைத் திறப்பதற்குள் பேங்க்காரரே எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, அந்த வாசல்ல இப்ப ஒரு எறும்பு ஒளிய இடமில்லை."

"வாசலை யார் சொன்னது? மனைன்னுதானே எழுதியிருக்கோம்," என்றார் ஆய்வாளர். "மனைன்னா வீடு மட்டும் இல்லை, நிலம் முழுக்க. புதர் இருக்கறது பின்சுவருக்கு வெளியே. வரைபடத்துல அதுவும் இவர் மனைதான்."

சலூன்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"ஆமா. உங்க அப்பா சந்துக்குன்னு விட்டுக் கட்டின இடம். சந்து வரவே இல்லை," என்றாள் அவள். "அன்னிக்கு மூட்டையைத் தூக்கிப் போட்டப்பவே ஜன்னல்ல இருந்து சொன்னேனே. நீங்க தலையை ஆட்டினீங்க."

அறையில் யாரோ சிரித்தார்கள். சலூன்காரருக்குக் காது சிவந்தது. இத்தனை நாள் பட்ட பாடு, போன தூக்கம், போகப் போகிற கடை எல்லாம் சேர்ந்துகொண்டது. அதுவரை தலையை ஆட்டியும் கையைக் கட்டியும் நின்றவர், முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"சரிங்கய்யா, என் இடம்தான். தெரியாமப் போச்சு. இன்னிக்கே வெட்டிடறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். ஒரு புதருக்காக ஒருத்தன் பொழப்பைக் கெடுப்பாங்களா? வழக்குத்தான் போடணும்னு ஒத்தைக் கால்ல நின்னானே, அவன் மனுஷனா? பேரைச் சொல்லக்கூடத் தைரியமில்லை. அவனுக்கும் ஒரு கடை இருக்கும், ஒரு குடும்பம் இருக்கும். அவனை என் முன்னாடி நிறுத்துங்க. கால்ல விழுந்தாவது வாபஸ் வாங்க வைக்கிறேன்."

புகார்ப் பிரிவு அம்மாவின் தூக்கம் கலைந்தது. தலையைச் சாய்த்துக் கடைசி வரைக்கும் கேட்டார். கைப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து, சலூன்காரரைப் பார்த்து, தினமும் போனில் பேசுகிற அதே குரலில் சொன்னார்:

"வணக்கம் பொதுஜனம் சார். பின்சுவர்க் கொசுப் புதர் சம்பந்தமா நீங்க குடுத்த புகாரை வாபஸ் வாங்கிக்கிறீங்களா?"