அட்டைப்படத்தில் உன் மகள்

அன்புள்ள அக்காவுக்கு,

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமுமாகத் தங்கை எழுதுவது. நீ டீச்சரிடம் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிட்டால் மிச்சத்தை நீ நிம்மதியாகத் திட்டிக்கொண்டே படிக்கலாம்.

"ஆண்டு விழாவுக்கு எனக்கு லீவு கிடைக்காதுடி. நிகழ்ச்சிப் புத்தகத்தோட அட்டையிலயாவது என் பொண்ணு மூஞ்சியைப் பளிச்சுன்னு பார்க்கணும். போட்டோ எடுக்கிற அன்னிக்கு அவளை முன்வரிசைக்கு மாத்தச் சொல்லு" என்று நீ போனில் சொன்னது காதிலேயே இருந்தது. ஆனால் காலையிலிருந்தே எதுவும் என் கையில் இல்லை. கொண்டையில் ஒரு முடிகூடக் கலையக் கூடாது என்பது டீச்சரின் கட்டளை. அதற்கென்று வாங்கி வைத்த ஹேர்ஸ்பிரேயை அத்தான் கொசு மருந்து என்று நினைத்துக் கட்டிலடியில் அடித்துத் தீர்த்துவிட்டு, "என்ன, இது இவ்வளவு வாசனையா இருக்கு?" என்று என்னையே கேட்டார். உன் வீட்டுக் கொசுக்கள் இப்போது அலங்காரத்தோடு பறக்கின்றன. ஊசிகளை மட்டும் நம்பி நான் கொண்டை போட, ஒவ்வொரு ஊசிக்கும் உன் வாண்டு, "அம்மா போட்டா வலிக்காது" என்று எனக்கு ஊசி ஏற்றினாள்.

நடனப்பள்ளியில் டீச்சரிடம் வாயைத் திறந்தேன். வாண்டு என் துப்பட்டாவை இழுத்தாள்.

"சித்தி, சொல்லிடாத. பின்வரிசைக்குத்தான் பெஞ்சு."

உயரமான பிள்ளைகளை மட்டும் பெஞ்சின் மேல் ஏற்றுவார்களாம். பிறந்ததிலிருந்து அதற்காகவே காத்திருந்தவள் போல அந்தப் பெஞ்சைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். "சரி, ஆனா வேற எங்கயும் பார்க்கக் கூடாது. என்னையே பாரு, சிரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, சீப்பும் கையுமாகப் போட்டோகிராபர் பக்கத்தில் போய் நின்றேன்.

ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும் என்று அவர் பிள்ளைகளைச் சுவர்க்கண்ணாடிக்கு முதுகு காட்டி நிறுத்தினார். எல்லாம் சரியாக இருந்தது. அப்போது டீச்சர் பழக்க தோஷத்தில் கையைத் தட்டி, "பொசிஷன்!" என்றார். வருஷம் முழுக்க அந்தச் சொல்லுக்குக் கண்ணாடியைப் பார்த்தே நின்ற பிள்ளைகள் அக்கா, அத்தனையும் சட்டென்று திரும்பிவிட்டன. அதே நொடியில் கேமரா மின்னியது. கண்ணாடியில் ஃப்ளாஷ் அடித்து வெறும் வெள்ளை. முன்னால் வரிசையாக முதுகுகள். அவற்றுக்கு மேலே, பெஞ்சில், வகுப்பெடுக்கும் டீச்சர் மாதிரி என்னையே பார்த்துச் சிரிக்கிறாள் உன் மகள். மறுபடி எடுப்பதற்குள் கேமராவில் பேட்டரி தீர்ந்தது. படத்தைப் பார்த்த டீச்சர் சிரித்து, "புதுசா இருக்கே, இதையே அட்டைக்குப் போட்டுடலாம்" என்றார்.

ஆக, அட்டையில் இருக்கும் ஒரே முகம் உன் மகளுடையது. வாயே திறக்காமல் சாதித்திருக்கிறேன். இனி என்னைத் துப்புக்கெட்டவள் என்று சொல்லாதே. அத்தான் உன்னை விசாரித்தார். ஹேர்ஸ்பிரே விஷயத்தை நான் எழுதிவிட்டேனா என்றும் விசாரித்தார். வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சாமர்த்தியசாலித் தங்கை

பி.கு.: இதை அனுப்புவதற்குள் மற்ற அம்மாக்கள் படை திரண்டு வந்துவிட்டார்கள். "முதுகைக் காட்டவா இவ்வளவு மேக்கப் போட்டோம்?" என்று கேட்டதில் டீச்சர் மறுபடி எடுக்க வைத்தார். கண்ணாடியைப் போர்வையால் மூடி, "கேமராவைப் பாருங்க" என்று பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுத்தார். பெஞ்சு ஆடுகிறது, பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள முடியுமா என்று என்னைக் கேட்டார். பிடித்துக்கொண்டேன். ஆனால் "என்னையே பாரு" என்றதை மாற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது, இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளின் முகமும் பளிச்சென்று இருக்கிறது. பின்வரிசையில் நடுவில் ஒரு கொண்டை. ஒரு முடிகூடக் கலையவில்லை.