கையிருப்பு: ஒரு டிரம்

ஆற்றோர மின்நிலையத்தில் பாதி வேலையை ஆறே பார்த்துக்கொண்டது. குறுக்கே சிறு தடுப்பு; அங்கே பிரியும் தண்ணீர் வாய்க்காலில் நடந்து, குழாயில் தலைகுப்புற விழுந்து, டர்பைனைச் சுற்றிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் மறுபடி ஆற்றில் சேர்ந்துகொள்ளும். அணையும் கிடையாது, தேக்கமும் கிடையாது. ஆறு ஓடினால் மின்சாரம். இது தலைமை அலுவலகத்தைத் தவிர எல்லோருக்கும் புரிந்திருந்தது.

தலைமை அலுவலகத்தில் படிவம் இருந்தது. 'நீர்க் கையிருப்பு எவ்வளவு?' என்பது அதன் ஏழாவது கேள்வி. நிலைய ஆப்பரேட்டர் இங்கே மாற்றலாகி வந்த பதினோரு மாதமாக 'இல்லை' என்று எழுதிவந்தார். புதிதாக வந்த அதிகாரி அதைப் படித்துத் தொலைத்தார்.

"கையிருப்பே இல்லாம எப்படி ஓட்டுறீங்க?" என்று போனில் கேட்டார்.

"ஆத்துல தண்ணி வருது சார்."

"அது வர்ற தண்ணி. இருக்கற தண்ணி எங்கே?"

"வர்றதை வெச்சு டர்பைனைச் சுத்திட்டு அப்படியே அனுப்பிடறோம் சார்."

"மாசக் கடைசிக்குள்ள கையிருப்பு காட்டுங்க. இல்லேன்னா நிலையத்தை மூடிடலாம்."

மூடினால் ஆப்பரேட்டருக்கு நானூறு கிலோமீட்டர் தள்ளி மாற்றல். மகள் இந்த நான்காவது பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் ஒரு தோழியைப் பிடித்திருந்தாள்.

"கையிருப்பு வேணும்னுதானே கேக்கறாங்க? இவ்வளவு வேணும்னு சொல்லலையே," என்றாள் மனைவி. "குளியலறை டிரம்மை எடுத்துட்டுப் போங்க."

"விளையாடறியா?"

"நானா விளையாடறேன்?"

மறுநாள் டர்பைன் பக்கத்தில், விளிம்புவரை தண்ணீரோடு, டிரம் கம்பீரமாக நின்றது. ஏழாவது கேள்விக்கு 'முழுக் கொள்ளளவு, நூறு சதவீதம்' என்று எழுதினார். பெரிய அணைகளே அறுபதைத் தாண்டாத ஆண்டில் இது மகத்தான சாதனை என்று பாராட்டுக் கடிதம் வந்தது. பசுமை மின்சாரம் என்பதால் டிரம்முக்குப் பச்சை வர்ணம் பூச ஆணை வந்தது. பிறகு விருதும் வந்தது. அவர் டிரம்மைத் தொட்டுக்கொண்டு நிற்கும் படம் பத்திரிகையில் வெளியானது. ஆறு படத்தில் விழவில்லை.

கோடையில் ஆறு நூலாக இளைத்தது. டர்பைன் நின்றது.

"இங்கே ஃபேன் ஓடலை. டிரம் எவ்வளவு இருக்கு?" என்றார் அதிகாரி.

"நிறைய இருக்கு சார். ஆறுதான்..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க."

"நூறு சதவீதம் சார்."

"அப்ப மின்வெட்டு இல்லை." போனை வைத்துவிட்டு, படிவத்தாலேயே விசிறிக்கொண்டார்.

ஊர் திரண்டு வந்தது. இனி மறைக்க முடியாது என்று ஆப்பரேட்டர் கதவைத் திறந்தார். "ஆத்துல தண்ணி இல்லைங்க."

"எங்களுக்குக் காது குத்தாதீங்க," என்றார் முன்னால் நின்ற மளிகைக்கடைக்காரர். "பேப்பர்ல பார்த்தோமே. டிரம் பத்தலை, அவ்வளவுதான்." இரண்டாவது டிரம் கேட்டு நூற்று நாற்பது பேர் கையெழுத்திட்ட மனுவை நீட்டினார்.

மனு உடனே ஏற்கப்பட்டது. எல்லா நிலையங்களுக்கும் டிரம் வைக்க அனுபவசாலி ஒருவர் தேவைப்பட்டதால், ஆப்பரேட்டருக்குப் பதவி உயர்வு. நானூறு கிலோமீட்டர் தள்ளி.

மகள் ஐந்தாவது பள்ளிக்கூடத்துக்குப் பெட்டி கட்டினாள். குளிக்க டிரம் இல்லை.