சிங்கத்துக்கு ஐம்பத்துமூன்று அகப்பை

எனக்கு பக்தி அளவோடுதான் உண்டு. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் அளவு தெரியாது.

ஜப்பானில் வேலை பார்க்கும் என் மகள் சாந்தி, கென்ஜி என்ற பையனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். அவனுடைய பெற்றோர் என்னைப் பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வார்களாம். எங்கள் ஊர் தாமுவேயிலிருந்து கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "அங்க போய் நீங்க சும்மா இருந்தா போதும்."

அவர்கள் என்னைப் பழமையான ஒரு ஷிண்டோ கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். வாசலில் சிவப்பு மர வளைவைக் கண்டதுமே ஷூவைக் கழற்றிவிட்டேன் (எங்கள் ஊர்ப் பெரிய புத்தர் கோயிலான ஷ்வேடகோனில் வெறுங்காலோடு படியேறிப் பழகிய கால்). எல்லோரும் ஷூவோடுதான் போனார்கள். கென்ஜியின் அம்மா என் ஷூவை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

சாந்தியும் கென்ஜியும் தாயத்து வாங்கப் போனார்கள். பையனின் அப்பா தண்ணீர்த் தொட்டியருகே மூங்கில் அகப்பையை எடுத்து, கைகழுவி வாய்கொப்பளித்துக் காட்டினார். அப்படியே செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எதிரில் ஒரு கல் சிங்கம்.

ஷ்வேடகோனில் பிறந்த கிழமைக்கு ஒரு மூலை உண்டு. செவ்வாய்க்கு சிங்கம். அங்கே வயதுக்கு ஒன்று கூட்டி அத்தனை குவளை தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் செவ்வாய்க்கிழமைக்காரன், வயது ஐம்பத்திரண்டு. அகப்பை வேறு கையில் இருக்கிறது. பெண்ணின் கல்யாணத்தை வேண்டிக்கொண்டு, தொட்டிக்கும் சிங்கத்துக்குமாக ஈரக் காலுறையோடு நடந்தேன்.

பதினோராவது அகப்பையில் வெள்ளை உடைக் கோயில்காரர் ஓடி வந்தார். நம் ஊரென்றால் திட்டியிருப்பார். இவர் இடுப்பு வரை குனிந்து வணங்கி, அகப்பைக்கு இரண்டு கைகளையும் நீட்டினார். அதற்குத் திட்டே தேவலை.

சாந்தி ஓடி வந்தாள். "அப்பா, என்ன பண்றீங்க?"

"வேண்டுதல்மா. இன்னும் நாப்பத்திரண்டு பாக்கி."

அவள் முகம் செத்துவிட்டது. கென்ஜி எல்லாவற்றையும் மொழிபெயர்த்தான். அவன் அப்பா வெகுநேரம் சிங்கத்தையே பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றார்?" என்றேன்.

சாந்தி சொன்னாள்: "சிங்கம் ஜோடியா இருக்கே, இன்னொன்னுக்கு ஏன் ஊத்தலைனு கேக்குறார்."

ஷூவை ஏந்தியிருந்த அம்மா முதலில் சிரித்தார். கல்யாணம் நடந்தது.

இப்போதும் அந்த ஊரில் மழை பெய்தால் சாந்தியிடமிருந்து செய்தி வந்துவிடும்: "அப்பா, மாமா கேக்குறார், உங்க பாக்கி நாப்பத்திரண்டுல இதைக் கழிச்சுக்கலாமானு."