பின்னால் நிற்க ஆள் தேவை

"தொண்ணூத்தாறா? நூத்துக்குத் தொண்ணூத்தாறு எடுத்துட்டு எதுக்கும்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" சலவைக்கடைக்காரருக்கு மகளின் கவலை பிடிபடவில்லை.

"அது மார்க் இல்லப்பா, பெர்சன்டைல். நுழைவுத்தேர்வு எழுதின நூறு பேர்ல தொண்ணூத்தாறு பேர் எனக்குப் பின்னாடி இருக்காங்கன்னு அர்த்தம். நான் கேக்கற காலேஜுக்குத் தொண்ணூத்தெட்டு வேணும். திரும்ப எழுதப் போறேன்."

"அப்போ எத்தனை பேர் பின்னாடி நிக்கறாங்கங்கிறதுதான் கணக்கா?"

"கிட்டத்தட்ட."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் துள்ளி எழுந்தார். பின்னால் நிற்க ஆள்தானே வேண்டும்? வயது வரம்பும் கிடையாதாம்!

முதலில் மைத்துனன் மாட்டினான். "மாப்ளே, நீயும் பரீட்சை எழுதறே."

"மாமா, பன்னெண்டாவதையே நான் தட்டுத்தடுமாறித்தான் தாண்டினேன்!"

"அதான்டா உன் தகுதி!"

துணி மடிப்பவர்கள் இருவர், எதிர்வீட்டு டிரைவர் என்று வளைத்துப் போட்டார். ஆள் போதவில்லை. மனைவி பெயரையும் சேர்த்தார். "நீ போய்ச் சும்மா உக்காந்துட்டு வா, போதும்."

"சரிங்க" என்றாள் அவள்.

"லட்சக்கணக்குல எழுதறாங்கப்பா! அஞ்சு பேரால என்ன ஆயிடும்?" மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இப்பதானம்மா ஆரம்பிச்சிருக்கேன்!"

வினை வேறு வழியாக வந்தது. பெயர் கொடுத்தவர்களுக்கு ரோஷம் பிறந்துவிட்டது; படிக்கத் தொடங்கிவிட்டார்கள். மகளுக்குப் பின்னால் நிற்க ஆள் சேர்க்கப் போய்ப் போட்டியைக் கூட்டிவிட்டார். கடையாட்கள் ஒரு கையில் புத்தகமும் மறு கையில் இஸ்திரிப் பெட்டியுமாக நின்றதில் பேங்க் மேனேஜரின் கோட்டு கருகிப்போனது.

"தப்பா எழுதினா மார்க்கைக் கழிப்பாங்களாம் மாமா. அதனால தெரிஞ்சதை மட்டும்தான் எழுதப்போறேன்" என்றான் மைத்துனன்.

"ஐயையோ! தெரியாததை ஒண்ணுகூட விட்டுடாதேடா!"

முடிவு வந்தது. மகள் திரையைப் பார்த்துக் கத்தினாள். "தொண்ணூத்தெட்டரைப்பா!"

அவர் அவளைத் தூக்கிச் சுற்றினார். கடையே ஆடியது. "பாத்தியா? எல்லாம் நம்ம ஆளுங்க புண்ணியம்! எல்லாரும் உனக்குப் பின்னாடிதானே?"

"ஒருத்தரைத் தவிர."

அவர் சட்டென்று மைத்துனனை முறைத்தார்.

"என்னை ஏன் முறைக்கறீங்க மாமா? பொண்ணுக்கு உக்காந்து பாடம் சொல்லிக் குடுத்ததே அக்காதான். அக்காவே தொண்ணூத்தொன்பது வாங்கி, இப்ப அதே காலேஜ்ல சேரக் கிளம்பிட்டா!"